கடையில் கை நீளும் பிள்ளை: பெற்றோர் அறிய வேண்டிய மார்க்கமும் சட்டமும்

பள்ளிக்கூடப் பையைத் துவைக்க எடுக்கும்போது, நாம் வாங்கித் தராத அழிப்பான் ஒன்று அதில் கிடைக்கும். சட்டைப் பையிலிருந்து சாக்லேட் உறை விழும். பெண் பிள்ளையின் பென்சில் பெட்டியில் விலைச் சீட்டு கிழிக்கப்படாத தலைக் கிளிப் இருக்கும். "இது ஏது?" என்று கேட்டால், "ஃபிரண்ட் கொடுத்தான்" என்ற பதில் வரும். அந்த நண்பனின் தாயிடம் கேட்டுப் பார்த்தால் அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

நம் சமுதாயத்தில் வெளியே பேசப்படாத விஷயங்களில் இதுவும் ஒன்று. தொழுகையில் பிள்ளை சோம்பல் காட்டினால் இமாமிடம் வந்து சொல்கிறோம். மதிப்பெண் குறைந்தால் ஆசிரியரிடம் பேசுகிறோம். பிள்ளை கடையில் காசு கொடுக்காமல் பொருள் எடுத்தான் என்பதை மட்டும் சொந்த அண்ணன் தம்பியிடம்கூடச் சொல்வதில்லை. ஒரு வீட்டில் அதை அடித்து அடக்குகிறார்கள், இன்னொரு வீட்டில் சிரித்து மறக்கிறார்கள். இரண்டுமே பிள்ளைக்குத் தீங்கு. இந்த விஷயத்தில் மார்க்கம் என்ன சொல்கிறது, நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது, வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

எந்த வயதில் அது திருட்டு?

மூன்று நான்கு வயதுக் குழந்தைக்கு "என்னுடையது", "அடுத்தவருடையது" என்ற வேறுபாடு முழுமையாகப் புரியாது. கண்ணில் பட்டது, பிடித்தது, எடுத்தது. இதற்குத் திருட்டு என்று பெயர் வைக்கக் கூடாது. அந்த வயதில் தேவை பாடம்தான். "இது கடைக்காரருடையது, காசு கொடுத்தால்தான் நம்முடையதாகும்" என்று சொல்லி, கையோடு திரும்ப வைக்கச் செய்தால் போதும்.

ஆறு ஏழு வயதில் எடுப்பது தவறு என்று தெரிந்துவிடும். ஆசை வரும்போது அந்த அறிவு கையைத் தடுக்கும் அளவுக்கு உறுதியாக இருக்காது. எடுத்த பொருளை ஒளித்து வைக்கிறான் என்றால் தவறு என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது என்று பொருள். பத்து வயதுக்கு மேல் நண்பர்களின் தூண்டுதலும் சேர்ந்துகொள்ளும். "உனக்குத் தைரியம் இருக்கா?" என்ற ஒரு வார்த்தைக்காக எடுக்கும் பிள்ளைகள் உண்டு. பதின்ம வயதில் கோபம், ஏக்கம், பிறரைப் போல இருக்க வேண்டும் என்ற துடிப்பு என்று காரணங்கள் கூடும்.

நம் ஃபிக்ஹு நூல்களும் இந்தப் படிகளைக் கவனத்தில் கொண்டிருக்கின்றன. நல்லது கெட்டதைப் பிரித்தறியும் பிள்ளையை "மும்மய்யிஸ்" என்கிறார்கள். பெரும்பாலும் ஏழு வயதை ஒட்டி இந்த நிலை வரும். பருவமடைந்து மார்க்கக் கடமைகள் சுமத்தப்பட்டவர் "முகல்லஃப்". இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலம்தான் தர்பியத்தின் காலம். தவறு பதிவாவதற்கு முன்பே திருத்திக்கொள்ள அல்லாஹ் பெற்றோருக்குக் கொடுத்திருக்கும் அவகாசம் என்றும் இதைச் சொல்லலாம்.

ஏன் எடுக்கிறார்கள்?

வறுமை மட்டுமே காரணம் என்று நினைப்பது தவறு. வசதியான வீட்டுப் பிள்ளைகளும் எடுக்கிறார்கள். காரணம் தெரியாமல் கொடுக்கும் தண்டனை, நோயைப் பார்க்காமல் கொடுக்கும் மருந்து போன்றது.

முதல் காரணம், கடைகளின் அமைப்பு மாறிவிட்டது. முன்பு மளிகைக் கடையில் பொருள் கடைக்காரருக்குப் பின்னால் இருக்கும். கேட்டு வாங்க வேண்டும். இன்றைய சூப்பர் மார்க்கெட்டில் பொருளை நாமே கையில் எடுக்கிறோம். பில் போடும் இடத்தில், சிறு பிள்ளையின் கண்ணுக்கு நேரே மிட்டாயும் பொம்மையும் தொங்குகின்றன. ஆசையைத் தூண்டுவதற்காகவே அவை அங்கே வைக்கப்படுகின்றன. பத்து நிமிடம் வரிசையில் நிற்கும் பிள்ளைக்கு அது பெரிய சோதனைதான்.

இரண்டாவது, கையில் காசே இல்லாத நிலை. சில வீடுகளில் பிள்ளை கேட்டதெல்லாம் கிடைக்கும், ஆனால் தன் விருப்பப்படி செலவு செய்ய ஐந்து ரூபாய்கூட இருக்காது. இடைவேளையில் எல்லோரும் வாங்கித் தின்னும்போது அவன் மட்டும் வேடிக்கை பார்ப்பான்.

மூன்றாவது, கவனத்துக்கான ஏக்கம். நம் ஊர்களில் தகப்பனார் வளைகுடாவிலோ சிங்கப்பூர், மலேசியாவிலோ இருக்கும் குடும்பங்கள் ஏராளம். வாரம் ஒருமுறை வீடியோ காலில் "நல்லா படிக்கிறியா?" என்ற கேள்வியோடு அத்தாவின் உறவு முடிந்துவிடுகிறது. புதிதாகத் தம்பி பாப்பா பிறந்த வீடு, பெற்றோருக்கிடையே சண்டை நடக்கும் வீடு, மவுத்து நடந்த வீடு ஆகியவற்றிலும் பிள்ளைகள் திடீரென்று பொருள் எடுக்கத் தொடங்குவதுண்டு. அந்தப் பிள்ளைக்கு அந்தப் பொருள் தேவைப்பட்டிருக்காது.

நான்காவது, மிரட்டல். பெரிய பையன்கள் சின்னப் பையனை அனுப்பி எடுத்துவரச் சொல்வார்கள். பிடிபட்டால் சின்னவன்தானே என்று விட்டுவிடுவார்கள் என்பது அவர்கள் கணக்கு. பிள்ளை எடுத்த பொருள் அவனுக்குப் பயன்படாத பொருளாக இருந்தால் இந்தக் கோணத்தில் அவசியம் விசாரிக்க வேண்டும்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

திருட்டு பெரும்பாவம் என்பதில் சந்தேகமில்லை. மக்கா வெற்றியின்போது மக்ஸூமி குலத்துப் பெண் ஒருவர் திருடியபோது, உயர்ந்த குலம் என்பதற்காகச் சிலர் பரிந்துரை தேடினார்கள். தம் மகள் ஃபாத்திமாவே திருடியிருந்தாலும் தண்டனை மாறாது என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்துவிட்டார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது பதிவாகியுள்ளது. திருக்குர்ஆனின் 5:38 வசனம் திருட்டுக்கான தண்டனையைக் கூறுகிறது. அதற்கு அடுத்த வசனமே (5:39), தவறுக்குப் பின் மனம் திருந்தித் தன்னைச் சீர்படுத்திக்கொள்பவரை அல்லாஹ் மன்னிப்பதைக் கூறுகிறது. பலர் முதல் வசனத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் மூன்று செய்திகளைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று, பருவமடையாத பிள்ளை மீது பாவம் எழுதப்படுவதில்லை. தூங்குபவர் விழிக்கும் வரை, சிறுவர் பருவமடையும் வரை, புத்தி பேதலித்தவர் தெளியும் வரை எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்ற கருத்தில் வரும் ஹதீஸ் அபூதாவூத், திர்மிதி உள்ளிட்ட நூல்களில் உள்ளது. எனவே சிறுவன் மீது ஹத்து எனும் தண்டனை கிடையாது. பெரியவர்கள் விஷயத்திலும் அதற்குப் பொருளின் மதிப்பு, அது பாதுகாக்கப்பட்ட இடம், ஐயமற்ற சாட்சியம் என்று பல நிபந்தனைகள் உண்டு. அதை நிறைவேற்றும் அதிகாரம் இஸ்லாமிய அரசுக்கும் நீதிபதிக்கும் மட்டுமே உரியது. ஆகவே, "கையை வெட்டிடுவாங்க" என்று எட்டு வயதுப் பிள்ளையை மிரட்டுவது மார்க்கத்தில் இல்லாத ஒன்றைச் சொல்வதாகும். அந்த மிரட்டலில் பிள்ளைக்கு அல்லாஹ்வின் மீது அச்சம் வராது, மார்க்கத்தின் மீது வெறுப்புதான் வரும்.

இரண்டு, பாவம் இல்லை என்பதால் கடன் இல்லை என்று ஆகாது. ஒருவரின் பொருளைச் சிறுவன் எடுத்தாலோ அழித்தாலோ அதற்கான ஈடு கொடுக்கப்பட வேண்டும் என்பது ஃபுகஹாக்களின் தீர்ப்பு. சிறுவனுக்குச் சொந்தமாகப் பணம் இருந்தால் அதிலிருந்து பொறுப்பாளர் கொடுப்பார். பொருள் அப்படியே இருந்தால் அதையே திருப்பித் தர வேண்டும், தின்று தீர்ந்திருந்தால் விலையைத் தர வேண்டும். "சின்னப் பிள்ளை, தெரியாமல் செய்துட்டான்" என்று சொல்வதால் கடைக்காரரின் ஹக்கு போய்விடாது.

மூன்று, கடைக்காரர் எந்த மதத்தவர் என்பதால் இந்தச் சட்டம் மாறாது. நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் புறப்பட்ட இரவில், தம்மைக் கொல்லத் துணிந்திருந்த மக்காவாசிகள் தம்மிடம் வைத்திருந்த அமானிதப் பொருள்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்க அலீ (ரலி) அவர்களை ஊரில் விட்டுச் சென்றார்கள் என்பது ஸீரா நூல்களில் பிரபலமான செய்தி. பகைவரின் பொருளுக்கே இந்த மரியாதை என்றால், தெருமுனையில் நம்மை நம்பிக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியின் பொருளுக்கு எவ்வளவு மரியாதை இருக்க வேண்டும்!

நபிகளார் திருத்திய இரு சிறுவர்கள்

ஹிஜ்ரி 3-இல் பிறந்தவர் ஹஸன் (ரலி). நபி (ஸல்) அவர்கள் வஃபாத்தானபோது அவருக்கு எட்டு வயதுகூட நிறையவில்லை. அந்தச் சிறு வயதில், ஸகாத்தாக வந்து குவிந்திருந்த பேரீச்சம் பழங்களிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நபியின் குடும்பத்தாருக்கு ஸகாத் பொருள் ஆகுமானதல்ல. பாட்டனாராகிய நபியவர்கள் உடனே குழந்தைக்குப் புரியும் ஒலியில் அதைத் துப்பச் செய்தார்கள். பிறகு, நாம் ஸகாத் பொருளைச் சாப்பிடுவதில்லை என்ற காரணத்தையும் சொன்னார்கள். இதுவும் புகாரி, முஸ்லிமில் உள்ளது.

இதில் கவனிக்க வேண்டியவை பல. ஒரே ஒரு பழம்தானே என்று விடவில்லை. பேரப்பிள்ளை என்ற பாசத்தில் கண்டுகொள்ளாமல் இருக்கவில்லை. அதே நேரத்தில் அடிக்கவும் இல்லை, கூட்டத்தில் அவமானப்படுத்தவும் இல்லை. அந்த நிமிடமே தடுத்தார்கள், காரணத்தை விளக்கினார்கள், அத்தோடு முடித்தார்கள்.

இரண்டாவது நிகழ்ச்சி ராஃபிஉ இப்னு அம்ர் (ரலி) அவர்களுடையது. சிறுவனாக இருந்தபோது அன்ஸாரிகளின் பேரீச்ச மரங்களில் கல்லெறிந்து பழம் வீழ்த்துவது அவர் வழக்கம். பிடித்து நபியவர்களிடம் கொண்டுவந்தார்கள். ஏன் எறிகிறாய் என்று நபியவர்கள் கேட்டார்கள். சாப்பிடத்தான் என்றார் சிறுவர். கல்லெறிய வேண்டாம், கீழே உதிர்ந்து கிடப்பதைச் சாப்பிட்டுக்கொள் என்று வழிகாட்டி, தலையைத் தடவி, அவர் வயிறு நிறைய துஆச் செய்தார்கள். இது அபூதாவூத், திர்மிதி, இப்னு மாஜா நூல்களில் இடம்பெற்றுள்ளது. அறிவிப்பாளர் தொடர் குறித்து ஹதீஸ் கலை அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தாலும், பிள்ளை வளர்ப்பு பற்றி எழுதியவர்கள் இதை எடுத்துக்காட்டி வந்திருக்கிறார்கள்.

இங்கே முதலில் வருவது "ஏன்?" என்ற கேள்வி. பதில் பசி என்று தெரிந்ததும், தவறான வழி அடைக்கப்படுகிறது, ஆகுமான வழி திறக்கப்படுகிறது. தோட்டக்காரரின் மரமும் காப்பாற்றப்படுகிறது, சிறுவனின் வயிறும் கவனிக்கப்படுகிறது. வழியைத் திறக்காமல் அடைப்பதை மட்டும் செய்தால் பிள்ளை மறைவாக வேறு வழி தேடுவான்.

தெரிய வந்த அன்று என்ன செய்வது?

முதலில் பெற்றோர் கோபம் தணிய வேண்டும். உளூச் செய்துகொள்ளுங்கள், உட்காருங்கள். அந்த மாலைக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்ற அவசியமில்லை.

தனியாக அழைத்துப் பேசுங்கள். அண்ணன், அக்கா, நன்னி, பக்கத்து வீட்டார் யாரும் அங்கே இருக்க வேண்டாம். உங்களுக்கு ஏற்கெனவே உறுதியாகத் தெரிந்த ஒன்றை, தெரியாததுபோல் கேட்டுப் பிள்ளையைப் பொய்யில் சிக்க வைக்காதீர்கள். "இதை எடுத்தாயா?" என்று கேட்டால் பயத்தில் "இல்லை" என்பான். ஒரு தவறு இரண்டாகிவிடும். "இது கடையிலிருந்து வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். எப்படி நடந்தது என்று சொல்" என்று தொடங்கினால் உண்மை வருவதற்கு வழி பிறக்கும்.

பிறகு கடைக்குப் போங்கள். பிள்ளையோடு நீங்களும் போக வேண்டும். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, முடிந்தால் கடைக்காரரிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவைத்துப் போவது நல்லது. பொருளைப் பிள்ளையே திருப்பிக் கொடுக்கட்டும். "காசு கொடுக்காமல் எடுத்துவிட்டேன், மன்னிச்சிடுங்க மாமா" என்று அவன் வாயால் சொல்லட்டும். தின்றுவிட்ட பொருளாக இருந்தால் விலையைக் கொடுக்கட்டும். அந்தக் காசு அவனுடைய சேமிப்பிலிருந்தோ பெருநாள் காசிலிருந்தோ போகட்டும். இல்லையென்றால் வரும் வாரங்களில் அவனுக்குக் கொடுக்கும் காசில் கழித்துக்கொள்ளுங்கள். அத்தா பணம் கொடுத்துச் சரிசெய்துவிட்டால், அத்தாவிடம் பணம் இருக்கிறது என்பதை மட்டும்தான் பிள்ளை கற்றுக்கொள்வான்.

பிறருக்கு அநீதி செய்தவர், தீனாரும் திர்ஹமும் பயன்படாத நாள் வருமுன் இன்றே அதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்ற கருத்தில் புகாரியில் ஒரு ஹதீஸ் உண்டு. கடை வாசலில் பிள்ளை நிற்கும் அந்த இரண்டு நிமிடம், அந்த ஹதீஸுக்குச் செயல்முறை விளக்கம். கால் நடுங்கும், கண் கலங்கும். பரவாயில்லை, பக்கத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். திரும்பி வரும்போது கையைப் பிடித்துக்கொண்டு வாருங்கள்.

கடை மூடப்பட்டுவிட்டது, அல்லது ஊர் விட்டுப் போனபோது எடுத்த பொருள், உரியவரைத் தேடியும் கிடைக்கவில்லை என்றால், அந்த மதிப்பை அவர் சார்பில் தர்மம் செய்துவிடலாம். பின்னாளில் அவர் கிடைத்தால் விவரத்தைச் சொல்ல வேண்டும். அவர் தம் பொருளைக் கேட்டால் கொடுக்க வேண்டும்.

செய்யக் கூடாதவை

பெயர் சூட்டாதீர்கள். "திருடா" என்று ஒருமுறை அழைத்துவிட்டால், வீட்டில் எது காணாமல் போனாலும் எல்லோர் பார்வையும் அவன் பக்கம் திரும்பும். செய்யாத தவறுக்கும் பழி சுமக்கும் பிள்ளை, செய்தால்தான் என்ன என்ற நிலைக்குப் போவான். செயலைத் தவறு என்று சொல்லுங்கள். பிள்ளையையே கெட்டவன் என்று சொல்லாதீர்கள்.

சூடு வைப்பது, கட்டி வைத்து அடிப்பது போன்றவை அறவே கூடாது. நபி (ஸல்) அவர்கள் தம் கையால் பெண்ணையோ பணியாளரையோ அடித்ததில்லை என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கும் செய்தி முஸ்லிமில் உள்ளது. அடிக்குப் பயந்த பிள்ளை அடுத்த முறை எடுப்பதை நிறுத்துவான் என்பது உறுதியில்லை. அடுத்த முறை அகப்படாமல் எடுக்கக் கற்றுக்கொள்வான்.

வெளிநாட்டில் இருக்கும் தகப்பனாரிடம் மறைக்காதீர்கள். அதே சமயம், "அத்தாகிட்டச் சொல்லட்டுமா?" என்பதை மிரட்டும் ஆயுதமாகவும் ஆக்காதீர்கள். கணவனும் மனைவியும் முதலில் பேசி ஒரு முடிவுக்கு வந்து, பிறகு இருவரும் ஒரே வார்த்தையைப் பிள்ளையிடம் சொல்ல வேண்டும். தூரத்திலிருக்கும் தந்தை கத்துவதைவிட, "என்னிடம் உண்மையைச் சொன்னாய், எனக்கு அது போதும், இனி செய்யாதே" என்று சொல்வது பிள்ளையின் மனதில் நிற்கும்.

முடிந்துபோனதைத் திரும்பத் திரும்ப எடுக்காதீர்கள். பொருளைக் கொடுத்து, மன்னிப்புக் கேட்டு, கணக்குத் தீர்ந்த பிறகு, ஆறு மாதம் கழித்து வேறொரு சண்டையில் அதைச் சொல்லிக்காட்டுவது பெரிய அநியாயம். தவ்பா செய்தவரை அல்லாஹ் மன்னிக்கிறான் என்று பிள்ளைக்குச் சொல்லிவிட்டு நாம் மன்னிக்காமல் இருப்பது என்ன நியாயம்?

நாட்டின் சட்டம்

இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதன் 20ஆம் பிரிவின்படி ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையின் செயல் எதுவும் குற்றமாகாது. ஏழுக்கு மேல் பன்னிரண்டுக்குட்பட்ட பிள்ளை, தன் செயலின் தன்மையையும் விளைவையும் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி இல்லாதிருந்தால் அதுவும் குற்றமாகாது என்கிறது 21ஆம் பிரிவு. பிள்ளையின் அறிவு முதிர்ச்சியைக் கணக்கில் எடுப்பதில் நம் ஃபிக்ஹும் நாட்டின் சட்டமும் இந்த இடத்தில் நெருங்கி வருவதைப் பார்க்கலாம்.

திருட்டுக்கான பொதுப் பிரிவு 303. மூன்றாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்பது தண்டனை. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல் முறை குற்றம் நிரூபிக்கப்பட்டவர் பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவை என்ற தண்டனை உண்டு. பொருள்களைப் பாதுகாத்து வைக்கும் கட்டடத்துக்குள் நடக்கும் திருட்டுக்கு 305ஆம் பிரிவில் ஏழாண்டு வரை தண்டனை கூறப்பட்டுள்ளது. இவை வயது வந்தவர்களுக்கு.

18 வயது நிறையாதவர்களுக்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் பொருந்தும். அதன் முக்கிய விதிகளைப் பெற்றோர் தெரிந்து வைத்திருப்பது நல்லது:

- பிள்ளையைக் காவல் நிலைய லாக்கப்பிலோ சிறையிலோ எந்த நிலையிலும் அடைக்கக் கூடாது. கைவிலங்கு இடக் கூடாது.
- ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். பிள்ளையைப் பிடித்தால் அவரிடமோ சிறப்பு இளைஞர் காவல் பிரிவிடமோ ஒப்படைத்து, பெற்றோருக்குத் தகவல் தர வேண்டும்.
- 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் இதில் சேராது. ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் கொண்டது அந்தக் குழுமம். அந்த இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும்.
- புத்திமதி சொல்லி வீட்டுக்கு அனுப்புதல், ஆலோசனை வழங்குதல், சமூக சேவை, நன்னடத்தைக் கண்காணிப்பு போன்ற உத்தரவுகளைக் குழுமம் பிறப்பிக்கலாம்.
- இந்தச் சட்டத்தின்கீழ் விசாரிக்கப்பட்ட பிள்ளைக்குப் பிற்காலத்தில் அதனால் தகுதியிழப்பு வரக் கூடாது என்பது பொது விதி.
- பிள்ளையின் பெயர், படம், பள்ளி, முகவரி போன்ற அடையாளங்களை வெளியிடுவது 74ஆம் பிரிவின்படி தடை செய்யப்பட்டுள்ளது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சட்டம் பிள்ளைக்கு இவ்வளவு அவகாசம் கொடுப்பதால் அலட்சியமாக இருந்துவிட முடியாது. பதினெட்டு வயது நிறைந்த மறுநாள் இந்தக் கதவுகள் மூடிக்கொள்ளும். பத்து வயதில் சாக்லேட் எடுத்த பழக்கம் கல்லூரி வயதில் கைபேசி வரை நீண்டால், அப்போது வருவது வழக்கும் நீதிமன்றமும்தான். பாஸ்போர்ட்டுக்கும் அரசு வேலைக்கும் வெளிநாட்டு வேலைக்கும் காவல்துறைச் சரிபார்ப்பு கேட்கப்படும் காலம் இது. சம்பாதிக்க வெளிநாடு போவதை நம்பியிருக்கும் நம் குடும்பங்கள் இதை மறந்துவிடக் கூடாது.

கடை நடத்தும் சகோதரர்களுக்கு

நம் சமுதாயத்தில் வியாபாரிகள் அதிகம். பிள்ளையைப் பறிகொடுக்கும் நிலையில் ஒரு நாள் நாம் இருந்தால், பிள்ளையைப் பிடித்துக் கொடுக்கும் நிலையில் இன்னொரு நாள் இருப்போம். உங்கள் கடையில் ஒரு சிறுவன் பிடிபட்டால், உங்கள் பொருளைத் திரும்பப் பெறும் உரிமையும் பெற்றோரை அழைத்துச் சொல்லும் உரிமையும் உங்களுக்கு உண்டு. கன்னத்தில் அறைவதற்கும், கழுத்தில் அட்டை மாட்டி நிறுத்துவதற்கும், சட்டையைக் கழற்றுவதற்கும் உங்களுக்கு உரிமை இல்லை.

கேமராவில் பதிவான காட்சியை வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பும் வழக்கம் இப்போது பரவிவிட்டது. இருபது ரூபாய்ப் பொருளுக்காக ஒரு பிள்ளையின் முகம் ஊர் முழுக்கப் போகிறது. பொருள் திரும்பக் கிடைத்துவிடும். அந்தக் காட்சியைத் திரும்ப எடுக்க யாராலும் முடியாது. அவமானம் தாங்காத வளரிளம் பிள்ளைகள் எந்த முடிவுக்கும் போய்விடக்கூடும் என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைக்கிறான் என்ற கருத்தில் வரும் ஹதீஸ் நமக்குத் தெரிந்ததுதான். அந்தப் பண்பை எந்த வீட்டுப் பிள்ளையிடமும் காட்டுவதே நம் அழகு. உங்களுக்கு அப்படி ஒரு காட்சி வந்தால் அழித்துவிடுங்கள், அனுப்பியவரிடமும் சொல்லுங்கள்.

நம் வீட்டுக் கணக்கு

பிள்ளை கடையில் கற்றுக்கொள்வதற்கு முன் வீட்டில் கற்றுக்கொள்கிறான். ரயிலில் ஐந்து வயது வரைதான் இலவசம். ஆறு வயதுப் பிள்ளையிடம் "டிக்கெட் பரிசோதகர் கேட்டால் நாலு வயசுன்னு சொல்லு" என்று சொல்லிக்கொடுக்கும்போது, காசு கொடுக்காமல் தப்பிப்பது கெட்டிக்காரத்தனம் என்ற பாடத்தைத்தான் நடத்துகிறோம். சூப்பர் மார்க்கெட்டில் திராட்சைக் குலையிலிருந்து நாலு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு நகர்வதும், கடைக்காரர் தவறுதலாக அதிகம் கொடுத்த சில்லறையைச் சத்தமில்லாமல் பையில் போடுவதும் இதே பாடம்தான். அந்தச் சில்லறையைப் பிள்ளையின் கையில் கொடுத்து, "போய்க் கொடுத்துட்டு வா" என்று அனுப்பிப் பாருங்கள். அரை மணி நேரப் பயானைவிட அது ஆழமாகப் பதியும்.

பள்ளி செல்லும் பிள்ளைக்கு வாரம் ஒரு சிறு தொகையாவது கையில் கொடுங்கள். அதற்கு அவன் கணக்குச் சொல்லட்டும், தவறாகச் செலவழித்தால் அடுத்த வாரம் வரை காத்திருக்கட்டும். அபூஸுஃப்யான் (ரலி) போதுமான செலவு தருவதில்லை என்று அவர் மனைவி ஹிந்த் (ரலி) முறையிட்டபோது, தனக்கும் பிள்ளைகளுக்கும் போதுமானதை நியாயமான அளவில் எடுத்துக்கொள்ள நபியவர்கள் அனுமதித்த செய்தி புகாரி, முஸ்லிமில் உள்ளது. குடும்பத்தாரின் நியாயமான தேவையை அடைத்து வைத்துவிட்டு நேர்மையை மட்டும் எதிர்பார்ப்பது மார்க்கம் காட்டும் வழியல்ல.

வீட்டுக்குள்ளும் உடைமைக்கு மரியாதை இருக்கட்டும். அக்காவின் பேனாவைத் தம்பி எடுக்கும் முன் கேட்க வேண்டும். பிள்ளைக்கு வந்த பெருநாள் காசை நாம் எடுத்துச் செலவழிக்கும் முன் அவனிடம் சொல்ல வேண்டும். தன் பொருளுக்கு மரியாதை கிடைத்த பிள்ளைக்குத்தான் பிறர் பொருளின் மதிப்பு தெரியும்.

எப்போது பிறர் உதவி தேவை?

ஒருமுறை நடந்து, திருப்பிக் கொடுத்து, அத்தோடு நின்றுவிட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை. திரும்பத் திரும்ப நடந்தால், தேவையே இல்லாத பொருள்களை எடுத்துச் சேர்த்து வைத்தால், செய்துவிட்டுச் சிறிதும் வருத்தமில்லாமல் இருந்தால், அதோடு பொய், சண்டை, பள்ளிக்குப் போக மறுப்பது, தூக்கமின்மை போன்றவையும் சேர்ந்தால், குழந்தை மனநல மருத்துவரிடமோ உளவியல் ஆலோசகரிடமோ அழைத்துச் செல்லுங்கள். எடுக்க வேண்டும் என்ற உந்துதலைக் கட்டுப்படுத்தவே முடியாத கிளெப்டோமேனியா என்ற நோய் அரிதாக உண்டு. அதைத் தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவர். ஓதிப் பார்ப்பதும் துஆச் செய்வதும் இருக்கட்டும், அதோடு சிகிச்சையும் இருக்கட்டும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. மனநல ஆலோசனைக்கு அரசின் இலவச எண் 14416.

மதரஸா உஸ்தாதும் பள்ளி ஆசிரியரும் உங்களுக்குத் துணையாக இருக்கக்கூடியவர்கள். யாரிடம் சொன்னால் அது வெளியே போகாதோ அவரிடம் மட்டும் சொல்லுங்கள்.

ஒவ்வொருவரும் பொறுப்பாளரே, அவரவர் பொறுப்பைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்பது நபிமொழியின் கருத்து. பருவமடையாத பிள்ளையின் ஏட்டில் அந்தச் சாக்லேட் எழுதப்படாமல் போகலாம். அதைத் தெரிந்தும் கண்டுகொள்ளாத தந்தையும் தாயும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளை ஹலாலைக் கொண்டு போதுமென்ற மனம் உடையவர்களாகவும், பிறர் ஹக்கைப் பேணுகிறவர்களாகவும் ஆக்குவானாக! தவறும்போது அடிக்காமலும் ஒதுக்காமலும் கைப்பிடித்துத் திருத்தும் பொறுமையை நமக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.